பத்து யென் காசும் பதறிய சந்தைகளும்

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. நம் ஊரில் விடியற்காலை ஐந்தரை மணி, பால் பாக்கெட் வந்து விழும் நேரம். டோக்கியோவில் அப்போது காலை ஒன்பது. பங்குச் சந்தை திறந்ததுமே விலைகள் சரிய ஆரம்பித்தன. ஜப்பானில் பங்கு விலை ஏறினால் பலகையில் சிவப்பு, இறங்கினால் பச்சை. நமக்குப் பழகிய வழக்கத்துக்கு நேர் எதிர். அன்று பங்குத் தரகு நிறுவனங்களின் வாசலில் இருக்கும் பெரிய மின்பலகைகள் முழுக்கப் பச்சையாகக் கிடந்தன. தெருவில் போனவர்கள் நின்று அதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

பிற்பகலில் சந்தை மூடியபோது, 225 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிக்கேய் குறியீடு 4,451 புள்ளிகள் இழந்து 31,458-இல் நின்றது. ஒரே நாளில் 12.4 சதவீதம். புள்ளிக் கணக்கில் ஜப்பான் கண்ட மிகப் பெரிய சரிவு அதுதான். 1987 அக்டோபரில் உலகச் சந்தைகள் எல்லாம் ஆடிப்போனபோதுகூட 3,836 புள்ளிகள்தான் இறங்கியிருந்தன. சதவீதத்தில் மட்டும் அந்தப் பழைய நாள் இன்னும் முந்தி நிற்கிறது.

தென் கொரியாவில் கோஸ்பி 8.8 சதவீதம் விழுந்தது. நடுவில் வர்த்தகத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். தைவானிலும் 8 சதவீதத்துக்கு மேல் போனது. மும்பையில் சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் இறங்கியது. ரூபாய் அதுவரை தொடாத பள்ளத்தைத் தொட்டது. இரவு நியூயார்க்கில் டோ ஜோன்ஸ் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் இழந்தது.

பெரிய வங்கி எதுவும் அன்று திவாலாகவில்லை. ஐந்து நாளுக்கு முன்பு, ஜூலை 31 அன்று, ஜப்பான் மத்திய வங்கி தன் வட்டியை உயர்த்தியிருந்தது. 0 முதல் 0.1 சதவீதம் வரை இருந்ததை 0.25 ஆக்கியது. ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கு வந்தது. ஜூலை மாதத்தில் புதிதாகச் சேர்ந்த வேலைகள் 1,14,000 மட்டும். வேலையில்லாதோர் விகிதம் 4.3 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. அங்கே பொருளாதாரம் தளர்கிறது, சீக்கிரமே வட்டியைக் குறைப்பார்கள் என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். ஓர் ஊரில் வட்டி ஏறுகிறது, இன்னோர் ஊரில் இறங்கப்போகிறது. நடுவில் அகப்பட்டவர்கள் பதறிப்போனார்கள்.

நடுவில் அகப்படுவது என்றால் என்ன என்பதை நான் முதலில் பார்த்தது எங்கள் தெருவில்.

அங்கே ஓர் அத்தை இருந்தார். நகையை வங்கியில் அடகு வைத்து விவசாயக் கடன் வாங்குவார். வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் வட்டி. அந்தப் பணத்தை அப்படியே தெரிந்தவர்களுக்கு ரெண்டு வட்டிக்கு விடுவார். ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு இருபத்துநாலு. நடுவில் நிற்கும் பதினேழு ரூபாய் அவருடையது. பல வருஷம் நன்றாகவே ஓடியது. ஒரு வருஷம் வங்கியில் கடனைப் புதுப்பிக்க முடியாது, அசலை முழுசாகக் கட்டிவிட்டு நகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை ஒரே வாரத்தில் பத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். அந்தப் பத்து வீட்டிலும் யாரும் அவருக்கு வட்டி பாக்கி வைத்ததில்லை. ஆனாலும் ஒருவர் கறவை மாட்டை விற்றார். ஒருவர் டிவிஎஸ் 50-ஐக் கேட்ட விலைக்குக் கொடுத்தார். எல்லாரும் ஒரே வாரத்தில் விற்க வந்ததால் மாட்டு விலையும் இறங்கிவிட்டது.

டோக்கியோவில் நடந்தது இதன் பெரிய வடிவம். ஜப்பானில் ஏறக்குறைய வட்டியே இல்லாமல் யென் கடன் வாங்கி, அதை டாலராகவோ மெக்சிகோ பெசோவாகவோ மாற்றி, வட்டி கூடுதலாகக் கிடைக்கிற இடத்தில் போட்டுவைப்பார்கள். நடுவில் நிற்பது லாபம். நிதி உலகில் இதற்குக் ‘கேரி டிரேட்’ என்று பெயர். மாட்டுக்குப் பதில் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம் உண்டு: அத்தைக்கு வாங்கியதும் ரூபாய், விட்டதும் ரூபாய். இங்கே வாங்கியது யென், வைத்திருப்பது டாலர். இடையில் நாணய மதிப்பு மாறினால் வட்டிக் கணக்கெல்லாம் தூசு.

எவ்வளவு தூசு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் சொந்தமாக 16 லட்சம் யென் போடுகிறார், 1 கோடியே 44 லட்சம் யென் கடன் வாங்குகிறார். டாலருக்கு 160 யென் என்றால் கையில் ஒரு லட்சம் டாலர். அமெரிக்காவில் வருஷத்துக்கு 5 சதவீதம் என்றால் மாதத்துக்கு 417 டாலர் வட்டி. பிரமாதம். ஒரே மாதத்தில் யென் 142-க்கு வலுத்துவிட்டது என்று வையுங்கள். அந்த 1,00,417 டாலரைத் திருப்பி மாற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 1 கோடியே 42 லட்சத்து 59 ஆயிரம் யென். சொந்தமாகப் போட்ட 16 லட்சமும் போய், கடனிலும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யென் துண்டு விழுகிறது. வட்டி ஒரு பைசா ஏறாமலே இது நடக்கும்.

இந்த எண்கள் நான் கற்பனையில் எடுத்தவை இல்லை. 2024 ஜூலை முதல் வாரத்தில் ஒரு டாலருக்கு 161 யென்னுக்கு மேல். 38 ஆண்டுகளில் யென் அவ்வளவு இளைத்ததில்லை. ஆகஸ்ட் 5 அன்று அது 142-க்கே வந்துவிட்டது. ஐந்து வாரத்துக்குள். யென் வலுக்க வலுக்கக் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் ஈட்டுப் பணம், அதாவது மார்ஜின், கேட்டார்கள். அதைக் கட்டப் பங்குகளை விற்றார்கள், விற்ற டாலரை யென்னாக மாற்றினார்கள், அதனாலேயே யென் இன்னும் வலுத்தது, மறுபடியும் மார்ஜின். 0.25 என்ற எண் தீக்குச்சி மட்டும்தான். வைக்கோல் போர் முப்பது வருஷமாகக் குவிந்தது.

அது குவிந்த கதைக்கு வருகிறேன்.

1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலையும் பங்கின் விலையும் வானத்தில் இருந்தன. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் 38,915 புள்ளிகளில் முடிந்தது. குமிழியை அடக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போய், 1990 ஆகஸ்டில் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. குமிழி உடைந்தது. கூடவே வங்கிகள் உடைந்தன, வேலைகள் போயின, விலைவாசியே ஏறாத விசித்திரமான தேக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுப்பிப் பார்க்க வட்டியைக் குறைத்தார்கள், குறைத்தார்கள், 1999 பிப்ரவரியில் பூஜ்யத்துக்கே கொண்டுவந்தார்கள். அதுவும் போதாமல் 2016-இல் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1. வங்கிகள் மத்திய வங்கியில் வைக்கும் பணத்தில் ஒரு பகுதிக்கு, வைத்ததற்காகவே அபராதம். 1989-இன் உச்சத்தை நிக்கேய் மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. 34 வருஷம். உச்சத்தில் பங்கு வாங்கிய ஓர் இளைஞர், முதல் திரும்ப வரும் வேளையில் ஓய்வுபெறும் வயதுக்கு வந்திருப்பார்.

இந்தக் கதையைச் சந்தையின் பக்கம் நின்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான் பாஸ்புக்கின் பக்கம் நின்று பார்க்கிறேன்.

ஜப்பானியக் குடும்பங்களின் நிதிச் சொத்து 2,000 டிரில்லியன் யென்னுக்கு மேல். அதில் பாதி, பங்கும் இல்லை பத்திரமும் இல்லை, ரொக்கமும் வங்கி டெபாசிட்டும்தான். 2016-இலிருந்து 2024 வசந்தகாலம் வரை அங்கே பெரிய வங்கிகள் சாதாரண சேமிப்புக் கணக்குக்குக் கொடுத்த வட்டி ஆண்டுக்கு 0.001 சதவீதம். பத்து லட்சம் யென் போட்டுவைத்த ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு என்ன வரும்? பத்து யென். ஒரு பக்கம் பியோதோயின் கோயில் பொறித்த செம்பு நிறக் காசு ஒன்று. அலுவல் நேரம் கழித்து அதே வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் கட்டணம் 110 யென். பதினோரு வருஷத்து வட்டி ஒரே ராத்திரியில் காலி.

நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பத்து லட்சம் ரூபாயை வங்கியில் போட்டால், 2024 நிலவரத்தில் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் வரும். மருந்துச் செலவுக்கு ஆகும், பேத்தியின் பிறந்தநாளுக்கு ஆகும். அந்த ஐயாயிரம் மாதம் ஒரு ரூபாய்கூட இல்லை என்றாகிவிட்டது என்று நினைத்துப் பார்த்தால்தான் ஜப்பானியப் பெரியவர்கள் எதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது புரியும். அவர்கள் வட்டியில்லாமல் விட்டுவைத்த பணம்தான் உலகத்துக்கு மலிவுக் கடனாகப் போனது. அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வெளிநாடுகளில் அதிகம் வைத்திருப்பது ஜப்பான்தான்.

எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் யென்னை விற்று டாலரும் ஆஸ்திரேலிய டாலரும் வாங்கும் பழக்கம் அங்கே சாதாரணக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. அப்படிச் செய்யும் கற்பனை இல்லத்தரசிக்குச் சந்தைக்காரர்கள் ‘திருமதி வாடனாபே’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். போட்ட பணத்தைப் போல 25 மடங்கு வரை வர்த்தகம் செய்ய அவர்களுக்குச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. வங்கி நாலு காசு வட்டி கொடுத்திருந்தால் இந்தத் துணிச்சலுக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

2022-இல்தான் பள்ளம் ஆழமானது. அமெரிக்காவில் விலைவாசி எகிற, ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் 11 முறை வட்டியை உயர்த்தி 5.25 முதல் 5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ஜப்பான் மைனஸிலேயே இருந்தது. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பணம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எவ்வளவு ஓடியது? மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கியாக பாசல் நகரில் இயங்கும் சர்வதேசத் தீர்வுகளுக்கான வங்கி, கேரி டிரேடில் இருந்த தொகையைத் தோராயமாக 40 டிரில்லியன் யென், ஏறக்குறைய 250 பில்லியன் டாலர் என்று பின்னால் கணித்தது. வெளியே தெரியாத ஒப்பந்தங்களில் இருப்பதை யாரும் முழுசாக எண்ணிவிட முடியாது.

யென் இளைத்ததில் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஜப்பான் எரிபொருளைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கும் நாடு. உணவில், கலோரிக் கணக்குப்படி, 38 சதவீதம்தான் சொந்த விளைச்சல். எரிவாயு, கோதுமை, சமையல் எண்ணெய் எல்லாம் விலை ஏறின. 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை யென்னைத் தாங்கிப் பிடிக்க அரசு 15 டிரில்லியன் யென்னுக்கு மேல் சந்தையில் கொட்டியது. அதற்கு முன்பே, அந்த வசந்தத்தின் சம்பளப் பேச்சுவார்த்தையில் 33 ஆண்டுகளில் முதல்முறையாக 5 சதவீதத்துக்கு மேல் உயர்வு கிடைத்திருந்தது. சம்பளமும் ஏறுகிறது, விலையும் ஏறுகிறது, இன்னும் எதற்குப் பூஜ்யம்? மத்திய வங்கித் தலைவர் கசுவோ உயேடா மார்ச்சில் மைனஸ் வட்டிக்கு முற்றுப்புள்ளி வைத்தார், ஜூலையில் 0.25-க்கு ஏற்றினார். நியாயமான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். தன் நாட்டுக் குடும்பங்களின் கடைச் செலவைப் பார்த்து எடுத்த முடிவு அது.

அதன்பின் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

மறுநாளே நிக்கேய் 3,217 புள்ளிகள் ஏறியது. புள்ளிக் கணக்கில் அதுவும் வரலாறு காணாத ஏற்றம். திங்கட்கிழமை பயத்தில் விற்றவர்கள் செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு அதைப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாள், ஆகஸ்ட் 7 அன்று, வடக்கே ஹகோடாட்டே நகரில் பேசிய துணைத் தலைவர் ஷினிச்சி உச்சிதா, சந்தை நிலையில்லாமல் இருக்கும்போது வட்டியை உயர்த்த மாட்டோம் என்று உறுதி சொன்னார். உலகச் சந்தைகள் மூச்சு விட்டன. யென் மறுபடி இறங்கியது.

எனக்கு அந்த வாக்கியத்தில்தான் வருத்தம். தீயணைக்க அந்த நேரத்தில் வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் வட்டியை அந்த நாட்டின் விலைவாசியும் சம்பளமும் தீர்மானிக்க வேண்டிய இடத்தில், கடன் வாங்கிச் சூதாடியவர்களின் பதற்றமும் ஒரு கை போட்டுவிட்டது. சந்தை விழுந்தால் மத்திய வங்கி இறங்கிவரும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த தடவை இன்னும் தைரியமாகக் கடன் வாங்குவார்கள். அந்தத் தைரியத்துக்கான விலையை டெபாசிட்காரர்தான் மறுபடி கட்டுவார், பத்துப் பத்து யென்னாக.

ஒரு தலைநகரத்தில் எடுத்த வட்டி முடிவு இன்னொரு நாட்டின் வீட்டுக்குள் நுழைவது புதிதில்லை. அமெரிக்காவின் பணவீக்கத்தை முறிக்க பால் வோல்கர் காலத்தில் வட்டி 20 சதவீதத்தை எட்டிப்பிடித்தது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. தொடர்ந்து லத்தீன் அமெரிக்காவே ஒரு பத்தாண்டை இழந்தது. நாமும் பட்டிருக்கிறோம். 2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, மாதாமாதம் பத்திரம் வாங்கிப் பணம் இறக்குவதைக் குறைக்கக்கூடும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்போது டாலருக்கு 55 ரூபாய் அளவில் இருந்தது, ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. டாலர் வெளியேறுவதைத் தடுக்கத் தங்கத்தின் இறக்குமதி வரியை 10 சதவீதமாக்கினார்கள். வாஷிங்டனில் ஒருவர் வாய் திறந்ததற்கு, அந்த ஆவணியில் பெண்ணுக்குத் தாலி செய்யப் போனவர்கள் நகைக்கடையில் கூடுதலாக எடுத்துவைத்தார்கள். அந்தச் செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், பெரிய நாடுகள் தங்கள் வட்டி முடிவுகள் பிறரை என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார். வாதம் சரி. கேட்டவர்கள் குறைவு.

2024 ஆகஸ்டில் நாம் அவ்வளவு அடிபடாததற்குக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கியின் கையில் அப்போது ஏறக்குறைய 675 பில்லியன் டாலர் கையிருப்பு. அந்தத் திங்கட்கிழமை வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் சந்தையில் சுமார் 10,000 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் 9,000 கோடிக்கு மேல் வாங்கின. வாங்கிய பணத்தில் பெரும்பங்கு மாதாமாதம் ஐந்நூறும் ஆயிரமுமாக எஸ்ஐபி கட்டுகிறவர்களுடையது. அந்த ஜூலையில் மட்டும் 23,332 கோடி ரூபாய் இப்படி வந்திருந்தது. சம்பளக்காரர்களின் இந்தப் பொறுமை சந்தைக்கு முட்டுக்கொடுத்தது.

யென்னோடு நமக்கு இன்னொரு உறவும் உண்டு, பலருக்கு ஞாபகம் வராத உறவு. சென்னை மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்குப் பெரிய பங்கு பணம் ஜைக்கா எனும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் ஜப்பான் கடனில் வந்ததுதான். வட்டி குறைவு, தவணைக் காலம் நீளம், நல்ல கடன்கள். ஆனால் திருப்பிக் கட்டுவது யென்னில். 2024 ஜூலைத் தொடக்கத்தில் நூறு யென்னுக்கு 52 ரூபாய்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 5 அன்று ஏறக்குறைய 59 ரூபாய். முப்பது நாற்பது வருஷக் கடனில் ஒரு நாள் விலை பெரிதில்லை. யென் தொடர்ந்து பல ஆண்டுகள் வலுத்தால், குறைந்த வட்டியில் மிச்சம் பிடித்ததை நாணய மதிப்பில் விடவேண்டிவரும். இதை முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறார்களா என்று மக்கள் மன்றத்தில் யாராவது கேட்க வேண்டும்.

டோக்கியோவின் பாஸ்புக்குக்கு என்ன ஆனது? 2025 ஜனவரியில் ஜப்பான் மத்திய வங்கி மறுபடி துணிந்து 0.5 சதவீதத்துக்கு ஏற்றியது. முன்கூட்டியே ஜாடை காட்டிவிட்டுச் செய்ததால் இந்தத் தடவை சந்தை பெரிதாக அசையவில்லை. மார்ச்சிலிருந்து பெரிய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு 0.2 சதவீதம் கொடுத்தன. பத்து லட்சம் யென்னுக்குப் பத்து யென் வந்த இடத்தில் இரண்டாயிரம் யென். கேட்க எவ்வளவு பெரிய உயர்வு! அதே வசந்தத்தில் ஜப்பானில் அரிசி விலை ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகி, கடையில் ஐந்து கிலோப் பை 4,200 யென்னைத் தொட்டிருந்தது. பத்து லட்சத்தை வருஷம் முழுக்க வங்கியில் விட்டுவைத்த பாட்டிக்கு, அந்த வட்டியில் இரண்டரைக் கிலோ அரிசி வாங்கக்கூடப் பணம் கொஞ்சம் குறைந்தது.